மாவடை மரவடை

நிலப் பத்திரங்களை வாசித்துப் பார்த்தவர்களுக்கு ‘மாவடை மரவடை’ என்கிற சொற்கள் பழக்கமானவை. நான்கெல்லை, அளவு, கிணறு, வழிநடை பாத்தியம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் நிற்கிற மரங்களையெல்லாம் இந்த இரண்டு சொற்களில் சேர்த்துக் கட்டி, வாங்குபவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பழைய கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இதே வேலையை ‘மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்’ என்கிற தொடர் செய்திருக்கிறது. மண் யாருக்கோ, மரமும் அவருக்கே. மரத்தை வைத்தது யார் என்கிற கேள்விக்கு இந்தத் தொடர்களில் இடமில்லை.

அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பெண் வைத்து, நீரூற்றி, வளர்த்த மரம் அவளுடையதா? ஆம் என்றால் எந்த அர்த்தத்தில்? இல்லை என்றால், அதனால் அவள் இழப்பது என்ன?

பனமரத்துப்பட்டி அரளிப் பூவுக்குப் பெயர்போன ஊர். விடிவதற்கு முன் காட்டில் இறங்கி மொட்டுப் பறிப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். கூலி அவர்களுக்கு, காடு பெரும்பாலும் வேறொருவர் பெயரில். சேலம் நகரத்தின் குடிநீருக்காக வெள்ளைக்காரர் காலத்தில் அமைந்த பெரிய ஏரி எங்கள் ஊரில் இருக்கிறது. பல ஆண்டுகள் அதில் தண்ணீர் நின்றதைவிடச் சீமைக்கருவேலம் நின்றதுதான் அதிகம். இந்த ஊரில் என் பெரியம்மா, மூன்று சென்ட்டுக்கும் குறைவான பொடக்காளியில் 11 வகைப் பழம் வளர்த்தார். மா, பலா, வாழை, கொய்யா, சப்போட்டா, மாதுளை, சீத்தா, எலுமிச்சை, சாத்துக்குடி, பப்பாளி, அரைநெல்லி.

வழக்கமான வேளாண் பரிந்துரைப்படி மாமரத்துக்கு மரம் 10 மீட்டர், வரிசை 10 மீட்டர் இடைவெளி வேண்டும். அதாவது ஒரு மரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்ட். அந்தக் கணக்கில் பெரியம்மாவின் பொடக்காளி ஒரே ஒரு மாமரத்துக்குத்தான் போதும். 11 வகை நின்றது என்றால், ஒவ்வொரு மரமும் தன் இயல்பான உயரத்துக்கும் அகலத்துக்கும் போகாமல் ஆண்டு முழுவதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். ஒட்டு மாங்கன்று இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலு பக்கமும் கிளை வாங்க வைத்தார். காய்ப்பு முடிந்த கையோடு மாவைக் கவாத்துச் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் புதிய கொப்பு முற்றாமல் அடுத்த வருடம் பூக்காது. கொய்யாவுக்கு அந்தப் பயம் இல்லை; வெட்ட வெட்ட வருகிற புதுத்துளிரில்தான் அது பூக்கும். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்க்கிற மரம் என்பதால் தலையைக் குறைத்தாலும் பழத்துக்குக் குறைவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. வெயில் தாங்குகிற மாதுளையும் சீத்தாவும் மேற்குச் சுவரோரம். பப்பாளியில் ஆண் மரம் எது என்று பூ வந்ததும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுவார். ஆண் மரத்தை வெட்ட அவர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

இதைப் பொழுதுபோக்கு என்று வீட்டில் சொல்வார்கள். ‘சும்மா இருக்க மாட்டா, செடி கொடின்னு எதையாவது நோண்டிக்கிட்டு இருப்பா.’ எந்தக் கிளை போக வேண்டும், எது நிற்க வேண்டும், யாருடைய நிழல் யார்மேல் விழக்கூடாது என்று ஆண்டுக்கு நூறு முடிவுகள் எடுப்பவருக்கு நாம் வேறு எந்தத் துறையிலும் நிர்வாகி என்றுதான் பெயர் வைப்போம்.

ஆனால் பேச்சுமொழியைக் கவனித்துப் பாருங்கள். ‘பெரியம்மா வச்ச மாமரம்’ என்போம். ‘பெரியப்பாவோட வீடு’ என்போம். தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தே இருபது வருடம் கழிந்த எனக்கு இந்த வேறுபாடு சின்னதாகத் தெரிவதில்லை. பெண்ணுக்குக் கிடைத்தது பெயரெச்சம். ஆணுக்குக் கிடைத்தது உடைமைப் பொருள் தரும் ஆறாம் வேற்றுமை. வைத்த, பெற்ற, சமைத்த, துவைத்த என்று எச்சங்களாகவே அவள் பெயர் நிற்கிறது. செய்தவள் என்ற அங்கீகாரம் உண்டு. செய்ததன்மேல் உரிமை இல்லை.

உழைப்பு உரிமை தரும் என்று வாதிட்டவர் ஜான் லாக். 1689இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூலின் உதாரணமே மரத்தடிதான். காட்டில் ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கியவனுக்கு, ஆப்பிள் பறித்தவனுக்கு, அவை சொந்தம். ஏனென்றால் அவனது உழைப்பு அவற்றில் கலந்துவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தில், என் குதிரை மேய்ந்த புல்லும் என் வேலையாள் வெட்டிய புல்கரணையும் என் சொத்து என்று அவரே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். உழைத்தவருக்கே சொந்தம், ஆனால் உழைத்தவர் ஏற்கெனவே இன்னொருவருக்கு உட்பட்டவராக இருந்தால் அவரது உழைப்பும் அந்த இன்னொருவர் கணக்கில் ஏறும். பொடக்காளியில் நிற்கிற பெண் இந்தத் தத்துவத்தில் கொட்டை பொறுக்கியவன் பக்கமா, குதிரையின் பக்கமா என்று நம் குடும்பங்கள் யோசித்ததே இல்லை. யோசிக்காமலே விடை தெரிந்து வைத்திருந்தன.

சட்டம் என்ன சொன்னது? பழத்துக்காக நிற்கும் மரம் அசையாச் சொத்து. விரைவில் வெட்டிக் கட்டையாக்குவதற்கென்று நிற்பது அசையும் சொத்து. 1958இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. ஆக, காய்க்கிற மரம் மண்ணைச் சேர்ந்தது. மண்ணோ வீட்டைச் சேர்ந்தது. வீட்டைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். மகளாக இருந்தால் அங்கே தங்குவதற்குக்கூட அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்துவிட்டது. ஆனாலும் இந்த 23ஆம் பிரிவு நீக்கப்பட்டது 2005 செப்டம்பரில்தான். 49 ஆண்டுகள் வீடும் அதன் கொல்லையும் ஆண்கள் மனம் வைக்கும்வரை பிரிக்க முடியாத பொருள்களாக இருந்தன.

சட்டம் திறந்த கதவை வீடு எப்படிச் சாத்துகிறது என்பதற்குப் பெரியம்மாவே உதாரணம். பெரியப்பா இறந்தபோது மனைவி என்கிற முறையில் பெரியம்மாவுக்கும் பங்கு இருந்தது. மகன்கள் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். தன் பங்கிலிருந்து ஒரு பெண் வெளியேறுவதற்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் விடுதலை! தங்கைகளும் அக்காக்களும் சீர்வரிசைக்கும் அண்ணன் முகத்துக்கும் கட்டுப்பட்டுப் போடுகிற கையெழுத்துகள் எல்லாம் இந்தப் பெயரில்தான் பதிவாகின்றன.

பிறகு இடத்தை நடுவில் அளந்தபோது பலாமரம் சரியாகக் கோட்டின்மேல் நின்றது. சுவர் எழுப்புவதற்காக வெட்டினார்கள். அறுக்கிற ஆட்கள் வந்து நின்ற பிறகுதான் பெரியம்மாவுக்கு விஷயம் தெரியும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் என்று நல்ல விலை கிடைத்தது. அசையாச் சொத்து ஒரே காலையில் அசையும் சொத்தானது.

“கையெழுத்துப் போடறப்ப மரத்தப் பத்தி எதுவும் எழுதலையா பெரிம்மா?” என்று கேட்டேன்.

“மாவடை மரவடைன்னு படிச்சாங்க சாமி. நம்ம மரத்தத்தான் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவர் நினைத்தது சரிதான். அவருடைய மரத்தைத்தான் சொன்னார்கள். அது யாருக்குப் போகிறது என்பதை அந்த இரண்டு சொற்களில் அவரால் கேட்க முடியவில்லை.

இதை வேறு நிலத்தோடு ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் புலப்படும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வழக்காற்றுச் சட்டப்படி மரம் நடுவது நிலத்தின்மேல் நீண்டகால உரிமையை உண்டாக்கும். அதனாலேயே அங்கே பல சமூகங்களில் பெண்கள் மரம் நடுவதற்குத் தடை இருந்திருக்கிறது. பயிரிடலாம், மரம் வைக்கக்கூடாது. இங்கே நமக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், பாராட்டுக்கூடக் கிடைக்கும். ஏனென்றால் இங்கே வைப்பதால் எதுவும் நமக்கு ஆகிவிடுவதில்லை. அங்கே நடுகிற கையைக் கண்டு பயந்தார்கள். இங்கே பயப்பட வேண்டிய தேவையே எழவில்லை. நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் சில சுதந்திரங்கள் விளைவற்றவை என்பதாலேயே கொடுக்கப்பட்டவை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். தோழிகளே சொல்லியிருக்கிறார்கள். ‘மரம் யாருக்குத்தான் சொந்தம்? அணில் தின்கிறது, வவ்வால் தின்கிறது. எனது எனது என்று வேலி போடுவது ஆண்களின் நோய். அதை நாமும் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?’ இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. ஆலிஸ் வாக்கர் 1974இல் தன் தாயின் தோட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. நிலமில்லாத கறுப்பினக் குத்தகைக் குடும்பம். குடியிருந்த வீடுகள் எதுவும் சொந்தமில்லை. போன இடமெல்லாம் அந்தத் தாய் பூச்செடி வைத்தார். அந்தத் தோட்டத்தைத்தான் அவருடைய கலை என்கிறார் மகள். வைப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது; அது பத்திரத்தைக் காட்டி வாங்கிய மகிழ்ச்சி அல்ல.

நம்மிடமும் உடைமைக்கு வெளியே மரத்தை நினைத்த மரபு உண்டு. நற்றிணை 172ஆம் பாடலில் சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை புன்னையாக முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிட மேலான தங்கை இவள் என்கிறாள் தாய். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தோழி சொல்கிறாள். அரசர்களின் காவல்மரத்தோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். பகையரசனின் காவல்மரத்தை வெட்டுவது வெற்றியின் அடையாளம். அங்கே மரம் ஓர் ஆணின் அதிகாரம். இங்கே அது உடன்பிறப்பு.

ஆனாலும் இந்தப் பாடலை வகுப்பில் நடத்தும்போது மாணவிகளிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: திருமணமாகி அந்தப் பெண் போன பிறகு புன்னை எங்கே இருக்கும்? அங்கேயேதான். தாய்வீட்டை விட்டு அனுப்பப்படாத ஒரே மகள் அந்த மரம். ‘பொம்பளப் புள்ள நாத்து மாதிரி, பிடுங்கி இன்னொரு எடத்துல நட்டாத்தான் வெளையும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நெல் நாற்றுக்குச் சரி. சடை வேர்விட்ட மரத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று மரம் வைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

எனவே தோழிகளுக்கு என் பதில் இது: மரம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லும் தகுதி, சொந்தம் கொண்டாட முடிந்தவருக்கே உண்டு. வைத்திருப்பவர் விட்டுக்கொடுத்தால் அது துறவு. இல்லாதவரை விட்டுக்கொடு என்று புகழ்வது தந்திரம். தாய்மை, பொறுமை, இயற்கையோடு நெருக்கம் என்று பெண்களுக்குச் சூட்டப்படும் மாலைகள் பலவற்றில் இந்தத் தந்திரம் நாராக ஓடுகிறது.

பெண்ணுக்கும் ஒரு வேலியும் பூட்டும் வேண்டும் என்பதல்ல நான் கேட்பது. பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட ‘எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூலில், நிலம் பெண்ணின் பெயரில் இருப்பதும் அதன்மேல் அவளுக்குக் கட்டுப்பாடு இருப்பதும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டினார். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. கவாத்துக் கத்தி நூறு தடவை பெரியம்மாவின் கையில் இருந்தது. நூற்றோராவது தடவை, மரம் நிற்பதா வேண்டாமா என்கிற கேள்வி வந்தபோது அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருக்கவும் கூடும். மாதுளைக்கு வெயில் வேண்டுமென்று காய்த்துக்கொண்டிருந்த முருங்கையையே வெட்டியவர் அவர். பிள்ளைகளுக்குச் சுவர் தேவை என்பது அவருக்குப் புரியாததல்ல. பறிபோனது மரம் மட்டுமல்ல. வேண்டாம் என்று சொல்லவும் சரி என்று சொல்லவும் இருந்த இடம். உரிமை என்பதன் உள்ளே இருக்கும் பருப்பு அதுதான் என்று நினைக்கிறேன்: கேட்கப்பட வேண்டியவராக இருப்பது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு. அவளுடைய வீட்டுவேலை இல்லாமல் அந்தச் சம்பாத்தியம் இல்லை. இதை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இல்லை, அங்கீகரிக்கக் கூடாதென்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றது நீதிமன்றம். லாக் குதிரையோடு சேர்த்து வைத்த உழைப்பை, உழைத்தவர் கணக்குக்கு மாற்றி எழுதிய தீர்ப்பு என்று இதை நான் வாசிக்கிறேன்.

ஆனால் வழக்குமன்றம் வரை எத்தனை பேர் போவார்கள்? அதற்கு முன்னால் சமையலறைத் திண்ணையிலும் சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சிலும் நடக்கிற காரியங்கள் இருக்கின்றன. படிக்கிற பெண்கள் இந்தப் பத்திர மொழியையும் படிக்க வேண்டும். விடுதலை என்ற சொல்லைக் கண்டால் யாருக்கு என்று கேட்க வேண்டும். நம் அம்மாக்கள், பெரியம்மாக்கள், அத்தைகள் கையெழுத்துப் போடுவதற்கு முன், மாவடை மரவடை என்று எழுத்தர் வேகமாக வாசிக்கிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மா எத்தனை? கொய்யா எத்தனை? எந்த வருடம் வைத்தது? யார் வைத்தது?

எழுத்தருக்குக் கோபம் வரும். வரட்டும். பதில் வரும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.