கூட வர ஓர் ஆள்

நீலகிரியின் குந்தாவில் சாவு வீட்டுக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஹட்டி என்று சொல்லப்படும் படுகர் ஊரில் ஒருவர் இறந்தால் சேதி போன மாத்திரத்தில் மற்ற ஹட்டிகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். படுகர்களின் நான்கு சீமைகளில் ஒன்று குந்தெ சீமை. இன்ன காரியத்துக்கு இன்னார் வரவேண்டும் என்பது அங்கே பல தலைமுறைகளாக முடிவான விஷயம். எஸ்டேட் லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய சனம் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய மக்களும் கப்பலில் கூட வந்தவர்களையே சொந்தமாக்கிக்கொண்டு ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறார்கள்.

ஆனால் முறை உள்ளவருக்குத்தான் முறை செய்வார்கள். முறை இல்லாதவருக்கு யார் போவது? கடையை மூடிவிட்டு, அல்லது ஒரு நாள் இலை பறிப்பை விட்டுவிட்டு, தனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத ஒரு மூதாட்டியை ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவருக்கு என்ன கடமை இருக்கிறது? இந்தக் கேள்வி நெடுநாளாக என்னோடு இருக்கிறது. அரிமா (லயன்ஸ்) சங்கம், ரோட்டரி சங்கம் போன்றவை ஒரு சிற்றூருக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் என் பதில் இதிலிருந்துதான் தொடங்கும்.

ரோட்டரி பிறந்த கதையிலேயே அந்தப் பதில் இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பால் ஹாரிஸ், வக்கீலாகி சிகாகோவுக்குப் போனார். பெரிய நகரம், தொழில் நடந்தது, மனசு விட்டுப் பேச ஆள் இல்லை. 1905 பிப்ரவரியில் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் என்று மூன்று பேரோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் இடத்தில் கூடினார்கள். சொந்தமில்லாத நால்வர் ஒரு சொந்தத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஊருக்குச் செய்ய வேண்டும் என்ற நினைப்பு அந்தப் பழக்கத்திலிருந்து பிறகு வளர்ந்தது.

குந்தாவின் மஞ்சூர் பஜாருக்கும் அப்படி உட்கார்ந்து பேச ஒரு மேசை தேவைப்படுகிறது. 1950களில் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியபோது அணை கட்டவும் சுரங்கம் வெட்டவும் சமவெளியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவலாஞ்சி, எமரால்டு, கெத்தை என்று அணைகளும் மின்நிலையங்களும் எழுந்தன. மின்வாரியக் குடியிருப்புகளும் வந்தன. இன்றும் மின்வாரியப் பொறியாளர், வங்கி மேலாளர், டாக்டர், ஆசிரியர் எல்லாரும் மாற்றலில் வருவார்கள், போவார்கள். அவர்களும், தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் படுக விவசாயியும், பஜாரில் மளிகைக் கடை நடத்துபவரும் சமமாக உட்கார்ந்து பேச வேறு எந்த இடம் இருக்கிறது? கோயிலுக்கு ஊர் உண்டு, கட்சிக்குக் கொடி உண்டு, தொழிற்சங்கத்துக்குத் தொழில் உண்டு. இவை எதுவும் கேட்காமல் நாற்காலி போடும் இடம் சேவைச் சங்கம் ஒன்றுதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கண் முகாமையே எடுத்துக்கொள்கிறேன்.

1925இல் ஹெலன் கெல்லர் ஒஹாயோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்று அழைத்தார். அன்றிலிருந்து கண் என்றால் அரிமா சங்கம் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்தச் சங்கங்களைக் கூட்டாளிகளாக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக முகாம் போட்டது. இடம் பிடிப்பதும் ஊருக்கு அறிவிப்பதும் சங்கத்தின் வேலை. டாக்டர்கள் வந்து பரிசோதிப்பார்கள். புரை முற்றியவர்களைப் பேருந்தில் அழைத்துப்போய், அறுவை சிகிச்சை செய்து, சாப்பாடும் தங்குமிடமும் தந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கட்டணம் கிடையாது. உலகமே வந்து படித்துவிட்டுப் போகும் ஏற்பாடு இது.

அப்படியிருந்தும், 1990களில் அந்த முகாம்கள் நடந்த கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு, கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே முகாமுக்கு வந்திருந்ததாகச் சொன்னது. மற்றவர்கள் ஏன் வரவில்லை? பயம், போக்குவரத்துச் செலவு, வீட்டுப் பொறுப்பு. காசில்லாமல் வைத்தியம் என்றாலும் ஜனம் வராது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

நான் எந்தச் சங்கத்திலும் உறுப்பினன் அல்ல. முகாம்களில் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். போன தடவை வரச் சொல்லி வராமல் போன ஓர் அம்மாவிடம் காரணம் கேட்டேன். "காசு கேக்க மாட்டாங்கன்னு தெரியும் தம்பி. ரோடு வரைக்கும் யாரு கூட்டிட்டு வருவா? எனக்குத்தான் கண்ணு தெரியலையே" என்றார். தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதையில் வழுக்காமல் ரோட்டுக்கு ஏற வேண்டும், பேருந்து பிடிக்க வேண்டும். கிண்ணக்கொரைப் பக்கம் ஒரு பேருந்தை விட்டால் அன்றைய நாளே போய்விடும். மகன் திருப்பூரில், மகள் கோயம்புத்தூரில். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள்.

2025இல் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. நீலகிரி நெடுங்காலம் காத்திருந்த வசதி, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அரசால் மருத்துவமனையைத்தான் கட்ட முடியும். வீட்டு வாசலுக்கு வந்து, "வாங்கம்மா, நான் கூட இருக்கேன்" என்று சொல்லும் ஆளை எந்தத் திட்டத்திலும் ஒதுக்க முடியாது. சங்கம் அந்த ஆளாக இருக்க வேண்டும். இந்தியாவில் போலியோ ஒழிந்ததும் இப்படித்தான். 1985இல் ரோட்டரி போலியோவை ஒழிக்கும் பொறுப்பை ஏற்றபோது சொட்டு மருந்து ஏற்கெனவே இருந்தது. வீடு வீடாகப் போய்த் தாயிடம் பேசும் ஆட்கள்தான் வேண்டியிருந்தது. சுகாதார ஊழியர்களும் தொண்டர்களும் அப்படிப் போனார்கள். 2011 ஜனவரியில் பதிவான ஒரு குழந்தையோடு இந்தியாவில் அந்த நோய் நின்றது.

இங்கே சங்கங்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஜூலை பிறந்தால் புதுத் தலைவர், புதுச் செயலாளர். பதவியேற்பு விழா, சால்வை, நலத்திட்ட உதவிகள். ஒவ்வொரு தலைவரும் தன் ஆண்டுக்கென்று புதிதாக ஒன்றைத் தொடங்க ஆசைப்படுகிறார், நல்ல எண்ணம்தான். ஆனால் போன ஆண்டு முகாமில் பெயர் எழுதியவர்களின் பட்டியல் பீரோவுக்குள் போய்விடுகிறது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாரா, மறுபரிசோதனைக்குப் போனாரா என்று கேட்பாரில்லை. நோட்டுப் புத்தகமும் கம்பளியும் கொடுப்பதைக் குறைசொல்ல மாட்டேன். குந்தாக் குளிரில் கம்பளி சின்னப் பொருள் இல்லை. ஆனால் அதைக் காசு உள்ள யாரும் கொடுக்கலாம். சங்கத்துக்கு மட்டும் உள்ள சொத்து அதன் உறுப்பினர்களின் நேரமும் அறிமுகமும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோட்டரியிலும் லயன்ஸிலும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1987க்குப் பிறகுதான். தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மஞ்சூர்ப் பக்கத்து முகாமில் வந்து நிற்பவர்களிலும் வயதான பெண்களே அதிகம். அடுப்படி வரை போய்ப் பேசக்கூடிய பெண் உறுப்பினர்கள் இல்லாத சங்கம் பாதி ஊரைத் தெரியாத சங்கம்.

ஊரைத் தெரிந்து வைத்திருப்பதன் அருமை மழைக்காலத்தில் புரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சாலை துண்டிக்கப்பட்ட அந்த மாதிரி நாளில் எந்த வீட்டில் தனியாக ஒரு முதியவர் இருக்கிறார், யாருக்குத் தினசரி மாத்திரை வேண்டும் என்று சொல்ல முடிந்தவர்தான் அந்த ஊருக்குப் பயன்படுவார். அந்த அறிவு ஒரே இரவில் வராது. முகாம் முடிந்த பிறகும் அந்த வீடுகளுக்குப் போய்வந்தவர்களுக்குத்தான் வரும்.

அதனால் வரும் ஜூலையில் பொறுப்பேற்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுத் திட்டத்தை அறிவிப்பதற்கு முன் பீரோவைத் திறந்து போன ஆண்டுப் பட்டியலை எடுங்கள். ஆளுக்கு ஐந்து வீடு பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரல்லாத, உங்கள் சாதியல்லாத வீடுகளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முகாம் நாளன்று காலையில் மேடைக்கு வருவதற்கு முன்னால் அந்த வீடுகளுக்குப் போய், அவர்களை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.