விளக்கழகு

திருவாரூருக்குத் தேர் அழகு, வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு என்று தஞ்சைப் பக்கத்தில் சொல்வார்கள். அந்த விளக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. வேதாரண்யம் கோயிலில் ஒருநாள் விளக்கு மங்கி, அணையும் தறுவாயில் இருந்தது. நெய் தின்ன வந்த எலி ஒன்று அதில் மூக்கை நுழைத்தது. சுடர் சுட்டது. எலி துள்ளிய துள்ளலில் திரி தூண்டப்பட்டு, விளக்கு நின்று எரிந்தது. அந்தப் புண்ணியத்தால் அந்த எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாம். அப்பர் தேவாரத்திலேயே இந்தக் கதை வருகிறது.

சிறுவனாக இருந்தபோது இதைக் கேட்டு எலியின் அதிர்ஷ்டத்தை நினைத்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. தெரியாமல் செய்த நன்மைக்கு ஒரு சாம்ராஜ்யம் கிடைக்குமானால், தெரியாமல் செய்த தீமைக்கு என்ன கிடைக்கும்? கணக்கு எழுதுகிறவர் வரவை மட்டும் எழுதிக்கொண்டு செலவை விட்டுவிடுவாரா?

இந்தச் சந்தேகம் எனக்குப் புத்தகத்தில் பிறக்கவில்லை. அந்தக் கோயிலுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், கோடியக்கரையில், ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது.

கோடியக்கரை என்றதும் பலருக்குக் கல்கியின் பூங்குழலி நினைவுக்கு வருவாள். எனக்கும் அப்படித்தான். ஆனால் போய்ப் பார்த்தால், மனத்தில் நிற்பது அந்தக் காடுதான். மலைக்காட்டைப் போல அது ஓங்கி உயர்ந்து நம்மை மிரட்டுவதில்லை. பாலை மரங்களும் முட்புதர்களும் உப்புக் காற்றுக்குக் குனிந்து கொடுத்து, கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கின்றன. நடுவே புல்வெளிகள், அவற்றில் வெளிமான்கள். இந்த மான்களைக் காப்பதற்காகவே 1967-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலத்துக்குப் பின் பூநாரைகளைப் பார்க்கவும் கூட்டம் வரும்.

2017-ஆம் ஆண்டு பங்குனியில் நாங்கள் போனோம். நானும் ஒரு நண்பரும், அவருடைய பத்து வயதுப் பேரனும். காட்டுக்குள் தங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நண்பருக்குத் தெரிந்தவரின் தென்னந்தோப்பு ஒன்று காட்டு எல்லைக்கு வெளியே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே கூடாரம் அடித்தோம். ஊரை விட்டு ஓடி, இயற்கையின் மடியில் இரண்டு இரவு படுத்து எழுவது என்று திட்டம். இயற்கையின் மடிக்குப் போகும்போது என்னென்ன எடுத்துச் சென்றோம் என்று பட்டியல் போட்டால் வெட்கமாக இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது நண்பர் புதிதாக வாங்கிய விளக்கு. மின்சாரம் ஏற்றிக்கொண்டு இரவு முழுதும் எரியக்கூடியது. அதைக் கூடாரத்துக்கு முன்னால் ஒரு கம்பில் மாட்டினோம். அந்த வெள்ளை வெளிச்சத்தில் தோப்பு கல்யாணப் பந்தலாகிவிட்டது.

இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். பையன்தான் முதலில் பார்த்தான். "தாத்தா, ஆமைக் குட்டி!" என்று கத்தினான்.

மணலில் ஒன்று ஊர்ந்து வந்தது. கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிது, கருநிறம், இரண்டு துடுப்புகளால் மணலைத் தள்ளித் தள்ளி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு பத்து, இருபது. எங்களுக்கு உண்டான ஆனந்தத்தை என்னவென்று சொல்வேன்! எங்களைத் தேடியல்லவா வருகின்றன! இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கைவிளக்குகளையும் எடுத்து அடித்தோம். நண்பர் படம் பிடித்தார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் ஏறக்குறைய ஓடி வந்தார். மீன்பிடித் தொழில் செய்தவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"ஐயா, வெளக்க அணைங்க மொதல்ல! எல்லாத்தையும் அணைங்க!"

அணைத்தோம். இருட்டிலேயே அவர் விஷயத்தைச் சொன்னார். அவை பங்குனி ஆமையின் குஞ்சுகள். தாய் ஆமை கரையேறி மணலைத் தோண்டி நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் தாமாகவே பொரிந்து, இரவில் வெளியே வரும். வழி சொல்ல யாரும் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுவே கடல் என்பது ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும். வானத்தின் ஒளியை வாங்கிக்கொண்டு கடல் சற்று வெளுத்துத் தெரியும்; கரைப்பக்கம் காடு கறுத்து நிற்கும். காட்டின் கறுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவை நீரில் போய் விழுந்துவிடும்.

காடு நிழல் தரும், மழை தரும் என்று படித்திருக்கிறேன். இருட்டைத் தருவதும் அதன் தொண்டு என்று அன்றுதான் அறிந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைச் சாய்த்த செய்தி வந்தபோது, மான்களுக்கு முன்னால் எனக்கு அந்த இருட்டின் நினைவுதான் வந்தது.

பெரியவர் வாளியைக் கேட்டார். தடவித் தடவிப் பொறுக்கி, நீரின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டோம். நாற்பத்து மூன்று வரை எண்ணினேன்.

"நாங்க சின்னப் புள்ளையில இந்த முட்டையத் தோண்டித் தின்னவங்கதான், ஐயா. பசி. இப்பத் தொடுறதில்ல" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர் தெரிந்து செய்ததற்கு ஒரு பசி இருந்தது. நாங்கள் தெரியாமல் செய்ததற்கு என்ன இருந்தது?

மாண்டவ்ய முனிவர் கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். சிறு வயதில் பூச்சியைப் புல்லால் குத்திய பாவத்துக்காகக் கழுவேறியவர். அறியாப் பருவத்தில் செய்ததற்கு இத்தனை தண்டனையா என்று தர்மதேவதையிடமே வாதாடி, அவனை விதுரனாகப் பிறக்கும்படி சபித்தார். நியாயமான வாதம். ஆனால் அவர் கேட்ட சலுகை குழந்தைகளுக்கு. எனக்கு அந்த வயது தாண்டி வெகு காலமாயிற்று. எலியையும் துணைக்கு அழைக்க முடியாது. விளக்கைப் பற்றி எலி யாரிடம் போய் விசாரிக்கும்? நான் விசாரித்திருக்கலாம். தோப்புக்காரரிடம் தண்ணீர் எங்கே கிடைக்கும், மீன் என்ன விலை என்றெல்லாம் கேட்டேன். இரவில் இங்கே விளக்கு வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றாததையும் 'தெரியாது' என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விடிந்ததும் காக்கைகள் வந்தன. வேலியோரம் நாங்கள் தவறவிட்டவை அவற்றுக்கு இரையாயின. பையன் முகம் வாடிச் சுற்றி வந்தான். நான் நாற்காலியை மடக்கி எடுத்தேன். மணலில் அதன் கால் பதிந்த குழியில் ஒரு குஞ்சு நசுங்கிக் கிடந்தது. பையன் அதைப் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"தாத்தா, இது உங்க நாற்காலிதானே?"

"அது வரும்போதே செத்திருக்கும், கண்ணா" என்றேன்.

இதைச் சொன்னபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

சென்ற ஆண்டு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். உடன் படிக்கும் பையன் ஒருவனிடம் கோடியக்கரைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். விளக்கு, வாளி, பெரியவர் எல்லாம் அப்படியே வந்தன. "ஒண்ணு மட்டும் தாத்தா நாற்காலிக்கு அடியிலே கிடந்தது. ஆனா அது முன்னாலேயே செத்துப்போனது" என்றான். என் பக்கம் திரும்பி, "இல்லையா தாத்தா?" என்றும் கேட்டான்.

நண்பரின் மனைவி அப்போதுதான் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.