தெரிஞ்ச ஆள் இல்லாதவர்

தேற்றாத்தீவில் ஒருவர் புது மோட்டார் சைக்கிள் எடுக்கப்போவதாகச் சொன்னால், எந்த ரகம், என்ன விலை என்று கேட்பதற்கு முன்னமே இன்னொரு கேள்வி வந்துவிடும்: "அங்க நமக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்காங்களா?" இருந்தால் காரியம் சுலபம். ஒரு போன் எடுத்துச் சொன்னால் போதும். போகும்போது வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்திருப்பார்கள். கதிரை வரும், குடிக்க ஏதாவது வரும், பத்திரங்கள் சுணங்காமல் கைக்கு வரும். இல்லாதவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மேசைக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிரும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் மோட்டார் சைக்கிள் என்றால் பிழைப்பு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெரிய வீதியில் பஸ் கிடைக்கும். அதைவிட்டு உள்ளே இறங்கினால் எல்லாம் அவரவர் வண்டிதான். களுதாவளையிலும் தேற்றாத்தீவிலும் கொய்த வெற்றிலையும் மரக்கறியும் வண்டியில்தான் சந்தைக்குப் போகின்றன. மீன் பெட்டி வண்டியில்தான் ஊர் சுற்றுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியைகள், பட்டிருப்புப் பாலத்தாலோ 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தாலோ குருக்கள்மடத்துப் படகுப் பாதையாலோ ஸ்கூட்டரில் போய் வருகிறார்கள். வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாளின் வருமானம் நின்றுவிடும். "சாமான் இன்னும் வரல்ல, அடுத்த கிழமை வந்து பாருங்க" என்று சொல்பவருக்கு அது வாயில் வந்த ஒரு வசனம். கேட்பவருக்கு ஒரு கிழமைச் சோறு.

எங்கள் பக்கத்து விற்பனை நிலையம் ஒன்றில் சேவிஸுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். வந்த ஒழுங்கில் வண்டித் திறப்புகளை மாட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர், பால் எடுத்து விற்பவர். வெளியில் நின்ற அவருடைய வண்டியில் சீட்டின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. ஆனால் முன் சொக்கிலிருந்து எண்ணெய் வடிந்து புழுதியோடு சேர்ந்து கறுத்திருந்தது. வொரண்டிப் புத்தகத்தைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அந்த நேரம் ஒருவர் வந்தார். "வாங்கண்ணன்" என்று மேசைப் பொடியன் எழும்பினான். அவருடைய திறப்பை வாங்கி முதல் ஆணியில் மாட்டினான். மற்றத் திறப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுத்த ஆணிக்கு நகர்த்தினான். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "மனே, உள்ளுக்க உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருக்கா?"

தனக்கு அநியாயம் நடந்தது என்று அவர் நினைக்கவில்லை. தன்னிடம் ஓர் ஆள் குறைகிறது என்றுதான் நினைத்தார்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் எழுதிய நூலொன்றில், ஒரு நிறுவனத்தின் தரம் கெடும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழி உண்டு என்றார்: விலகிப் போகலாம், அல்லது குரல் கொடுக்கலாம். நைஜீரிய ரயில்வேயைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. நிலக்கடலை ஏற்றுவதற்கு லொறிகள் போட்டிக்கு வந்த பிறகும் ரயில் சேவை ஏன் திருந்தவில்லை என்று யோசித்தார். சத்தம் போடக்கூடியவர்கள் முதலில் லொறிக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியவர்களின் குரலுக்குப் பலம் இருக்கவில்லை.

எங்கள் ஊரில் விலகிப் போவது லேசில்லை. வொரண்டி வேண்டுமென்றால் அந்தக் கம்பனியின் முகவரிடம்தான் போக வேண்டும். குரல் கொடுக்கச் சட்டம் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் செய்யலாம். ஆனால் மேசையில் இருப்பவன் நம்ம ஊர்ப் பொடியன். கோயில் திருவிழாவில் அவனுடைய தகப்பனின் முகத்தைப் பார்க்க வேண்டும். எப்படி முறையிடுவது? ஆகவே ஹிர்ஷ்மன் சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு நாம் மூன்றாவது வழியில் போகிறோம். ஆசிரியர், அலுவலர், வெளிநாட்டுக் காசு வருகிறவர், நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் எல்லோரும் ஒரு போனில் காரியத்தை முடித்துக்கொள்கிறோம். அந்த இடத்தைத் திருத்தக்கூடிய குரல்கள் இப்படித் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. எண்ணெய் வடிகிற வண்டியோடு பெரியவர் மட்டும் மிஞ்சுகிறார்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. யுத்தம் நடந்த காலத்தில் சோதனைச் சாவடியிலும் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் உயிர்கூடத் தப்பியது. அப்படி வாழ்ந்த சனத்தைப் பார்த்து, ஏன் ஆள் தேடுகிறீர்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. பிறகு வண்டிக்குப் பஞ்சம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிக்கே அடிபிடி, உதிரிப்பாகத்துக்கு அலைச்சல். விற்பவர் தருபவராகவும் வாங்குபவர் இரப்பவராகவும் ஆகிப்போனார்கள். இந்தியாவில் உரிமக் கட்டுப்பாடு இருந்த நாளில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு காத்திருந்தவர்கள் உண்டு. தட்டுப்பாடு எங்கே நீண்டாலும் இதுதான் நடக்கிறது. இப்போது வண்டி வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த முகம் மட்டும் மாறவில்லை.

ஆனால் சமமாக நடத்தப்படுவது எப்படியிருக்கும் என்று எங்கள் சனம் அறியாததல்ல. 2022இல் எண்ணெய்க்கு இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். பெற்றோல் செட்டில் ஆள் தெரிந்தவர் இருட்டில் கானோடு போய் நிரப்பிக்கொண்டு வந்தார். ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எண்ணெய் எடுக்கும் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அது யாருக்கும் போதாது. ஆனாலும் மனம் ஆறியது. குறியீட்டைப் படிக்கும் கருவிக்கு யாரையும் தெரியாது. பாடசாலை அதிபருக்கும் அதே 4 லீற்றர், மீன்காரருக்கும் அதே 4 லீற்றர். குறைவாகக் கிடைத்ததை அந்த நாளில் நாம் தாங்கிக்கொண்டோம். முந்திப்போனவரைத்தான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தத் திறப்புப் பலகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகிறது. "வாங்கண்ணன்" என்று எழும்பிய பொடியன் தன் சட்டைப் பையிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒருவருக்குச் செய்த உதவி முழுவதும் வரிசையில் இருந்த மற்றவர்களின் நேரத்திலிருந்து எடுத்தது. நமக்குக் கிடைக்கும் நல்ல கவனிப்பும் அந்தப் பெரியவருக்குக் கிடைக்கும் மோசமான கவனிப்பும் ஒரே செயல்தான். தெரிந்தவருக்குக் காட்டுவது அன்பு, உறவு, சில வேளை வியாபாரம். முன்பின் அறியாத ஒருவர் செருப்பில் சேற்றோடு வந்து நிற்கும்போது கிடைப்பதற்குத்தான் மரியாதை என்று பெயர். அவரும் முழு விலை கொடுத்துத்தான் வண்டி எடுத்தார். மரியாதையும் அந்த விலைக்குள் இருந்தது.

மேசையில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் நோவதில் பயனில்லை. உயர்தரம் எழுதிவிட்டு முதல் வேலைக்கு வந்தவர்கள். எத்தனை வண்டி விற்றாய் என்று மேலிடம் கேட்கும், எத்தனை பேரைக் காக்க வைத்தாய் என்று கேட்பதில்லை. நிலையம் நடத்துகிறவர்கள் அந்த ஆணிகளுக்கு இலக்கம் போடட்டும். வண்டி வந்த நேரத்தைத் தமிழில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டட்டும். நாம் போன் எடுக்கும்போது, "அண்ணன், உங்களுக்கு முன்னுக்கு நாலு பேர் இருக்காங்க" என்று பயமில்லாமல் சொல்லும் துணிச்சலை அந்தப் பொடியனுக்குக் கொடுக்கட்டும். அப்படி அவன் சொன்னால், அவனுடைய தகப்பனிடம் குறை சொல்லப் போகாமல், நாமும் பேசாமல் அந்தக் கதிரையில் இருப்போம்.