மீசை முளைத்தால் போதுமா?

"மீசை வந்துடுச்சு, புத்தி வரலையே!" என்று பெற்றோர் என்னிடம் அங்கலாய்ப்பதுண்டு. இரண்டும் ஒன்றாய் வருவதில்லை என்பதே உண்மை. பெண்பிள்ளைகளின் சரீரம் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுடையது 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாறத் தொடங்குகிறது. கோபமும் ஆசையும் அப்போதே பொங்கும். ஆனால் விளைவை எண்ணி மனதை அடக்குகிற மூளையின் முன்பகுதியோ ஏறக்குறைய 25 வயதுவரை வளருகிறது. நம் தேசத்தில் 1989-ல் ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆயிற்று. ஆனாலும் 18-வது பிறந்தநாளில் ஒருவனும் திடீரென்று முதிர்ந்துவிடுவதில்லை.

அப்படியானால் வாலிபன் தப்பு செய்தால் குற்றம் அவன்மேல் இல்லையா? உண்டு என்றே சொல்லுவேன். அமைதியாய் யோசிக்கும்போது 16 வயதுப் பிள்ளையும் ஏறக்குறைய பெரியவரைப்போலவே நிதானிக்கும். சிநேகிதர் சூழ்ந்து உசுப்பேற்றும்போதுதான் தடுமாறும். ஆகவே பொறுப்பைக் கொடுங்கள், கூடவே நில்லுங்கள். "எக்கேடும் கெட்டுப் போ" என்று கைவிட்டாலும், "நான் சொல்றதை மட்டும் செய்" என்று கட்டிப்போட்டாலும், பிள்ளை நிதானிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

இன்று ராத்திரி ஒரு வீட்டுக் காரியத்தில், "நீ என்னப்பா நினைக்கிறே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.