வேட்டைப் பொருளும் வியாபாரியின் பொறுப்பும்



கடைவீதியில் வியாபாரம் செய்யும் நம்மவரிடம் அவ்வப்போது வந்து சேரும் ஒரு விஷயத்தைப் பற்றி இம்முறை பேச எண்ணினோம். உட்பகுதிக் கம்பங்களிலிருந்து பட்டணத்துக்கு வரும் லாரியில், காய்கறிக் கூடைகளுக்கு அடியில், இரண்டு சருகுமான்களோ, நாலைந்து காட்டுக்கோழிகளோ, ஒரு முள்ளம்பன்றியோ வருவதுண்டு. மலாய்க்காரர் பெலாண்டோக் என்று சொல்லும் சருகுமானின் இறைச்சிக்கு ருசி கண்டவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கொண்டு வருபவர், "பாய், லைசென்ஸ் உள்ளவர் பிடித்தது, ஹலாலாக அறுத்தது" என்கிறார். அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்தது என்று நாமும் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து விடுகிறோம். முடிந்து விடுகிறதா என்பதே கேள்வி.

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தை ஓதிப் பாருங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்குக் கட்டளை வருவதும் அதில்தான். கால்நடைகள் ஹலாலாக்கப்பட்ட செய்தியும், இஹ்ராமில் இருக்கும்போது வேட்டை கூடாது என்பதும் அதே வசனத்தில்தான். ஒப்பந்தமும் உணவும் வேட்டையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதை வியாபாரிகளாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதே அத்தியாயத்தின் 94 ஆம் வசனத்தில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பான் என்று வருகிறது. ஹுதைபிய்யா பிரயாணத்தில், இஹ்ராமில் இருந்த ஸஹாபாக்களின் கூடாரங்களைச் சுற்றிக் காட்டுப் பிராணிகள் வந்து நின்றன என்று விரிவுரையாளர் சிலர் எழுதுகிறார்கள். கைக்கு எட்டாத பொருளை விட்டுவிடுவதில் என்ன சிரமம் இருக்கிறது?

அதே ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628 இல், நடந்த இன்னொரு சம்பவம் ஹதீது நூல்களில் இருக்கிறது. அபூகதாதா (ரலி) அவர்கள் இஹ்ராமில் இல்லை. உடன் சென்ற தோழர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். காட்டுக்கழுதை ஒன்று தென்பட்டது. அபூகதாதா குதிரை மீது ஏறிவிட்டுத் தம் சாட்டையை எடுத்துத் தரும்படி கேட்டார்கள். தோழர்கள் மறுத்து விட்டார்கள். கீழே கிடக்கும் சாட்டையை எடுத்துக் கொடுப்பதுகூட வேட்டைக்கு உதவியாகி விடும் என்ற அச்சம் அவர்களுக்கு! அவரே இறங்கி எடுத்துக்கொண்டு போய் வேட்டையாடி வந்தார். சிலர் தின்றார்கள். பிறகு சந்தேகம் வந்து நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, உங்களில் யாரேனும் அதை வேட்டையாடச் சொன்னீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்று வினவினார்கள். இல்லை என்றதும், மீதியையும் உண்ண அனுமதித்தார்கள்.

ஆனால் ஸஃபு இப்னு ஜத்தாமா (ரலி) அவர்கள் அன்போடு கொண்டு வந்த காட்டுக்கழுதையை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. திருப்பிக் கொடுத்து விட்டார்கள். கொடுத்தவருடைய முகம் வாடியதைக் கண்டு, நாம் இஹ்ராமில் இருப்பதனாலேயே திருப்பினோம், வேறு காரணம் இல்லை என்று விளக்கமும் சொன்னார்கள். பிராணி ஒன்றுதான். ஒன்றை உண்ணலாம், மற்றதைக் கூடாது. தங்களுக்கென்று வேட்டையாடப்பட்டதா, அல்லவா என்பதைக் கொண்டே உலமாக்கள் பலர் இரண்டையும் இணைத்துப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். இஹ்ராமின் சட்டத்தை நாட்டின் லைசென்ஸ் சட்டத்தோடு அப்படியே ஒட்டிவிட முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் பொருள் எந்த வழியாக, யார் பொருட்டு, யார் உதவியால் நம் கைக்கு வந்தது என்று விசாரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இது காட்டவில்லையா? "அடுத்த வாரம் வரும்போது நாலு கொண்டு வா" என்று சொல்லி அனுப்புகிறவர், சாட்டையை எடுத்துக் கொடுத்தவர்தாம்.

இனி நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும் 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் 1972 ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. பாதுகாக்கப்பட்ட பிராணியை வேட்டையாட லைசென்ஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும், அதன் ஒரு பாகத்தை வைத்திருக்கவும் வேண்டும், அதைக் கொண்டு வியாபாரம் செய்யவும் தனியே வேண்டும் என்பதைத்தான் பலர் அறியார். வேட்டைக்காரரின் லைசென்ஸ் அவருடைய வேட்டைக்கு; நம் கடைக்குக் குடை பிடிக்க அல்ல. இரண்டாம் அட்டவணையில் உள்ள பிராணிகளுக்கோ சாதாரண லைசென்ஸே கிடையாது, மந்திரியின் விசேஷ அனுமதி வேண்டும். அட்டவணைகள் மாறக் கூடியவை. சென்ற வருஷம் இருந்த நிலையை நம்பாமல் பெர்ஹிலித்தான் இலாகாவில் கேட்டுக்கொள்வதே சரி. 2022 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் மிகக் கடுமையான குற்றங்களுக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் உண்டு. சரவாக்கில் 1998 ஆம் ஆண்டின் சட்டம், காட்டிலிருந்து பிடித்த வனவிலங்கை விற்பதையே தடுத்து விட்டது. உட்பகுதி மக்கள் தம் வீட்டு உணவுக்கு வேட்டையாடலாம், சந்தைக்குக் கொண்டு வரலாகாது. ஜோகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வியாபார இறைச்சி கொண்டு போவதானால், லைசென்ஸ் பெற்ற இறக்குமதியாளர் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்துதான் கொண்டு வரலாம். காட்டு இறைச்சியைப் பெட்டியில் மறைத்துக் கொண்டு போகும் துணிச்சலை யாரும் கெட்டிக்காரத்தனம் என்று எண்ண வேண்டாம்.

சர்க்கார் ஏன் பாதையிலும் குளிர்பெட்டியிலும் வந்து பார்க்கிறது என்று சிலர் சலித்துக்கொள்வர். காட்டுக்குள் சுட்டவனை யார் பார்த்தார்? செத்த பிராணி சாட்சி சொல்லாது. ஆகவே அது பிரயாணம் செய்யும்போதுதான் பிடிக்க முடியும். அமெரிக்காவிலும் 1900 ஆம் ஆண்டிலேயே, ஒரு மாநிலத்தில் சட்ட விரோதமாகக் கொன்றதை மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு போவதைக் குற்றமாக்கினார்கள். இன்றும் அங்கே காட்டு வாத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறவர், இன்ன வாத்து என்று அறியும்படி இறகுள்ள ஒரு சிறகையோ தலையையோ விட்டு வைக்க வேண்டும். இன்னொருவர் வசம் ஒப்படைத்தால் தம் கையெழுத்து, விலாசம், எண்ணிக்கை, இனம், கொன்ற தேதி எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். நம் மார்க்கத்தில் இது புதிதா? அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது, உன் நாயோடு வேறு நாயும் சேர்ந்திருந்தால் உண்ணாதே, பிராணி நீரில் விழுந்து கிடந்தால் உண்ணாதே என்ற விதமாகவே பதில் கிடைத்தது. எது கொன்றது என்று நிச்சயம் இல்லை என்பதே காரணம். அம்பின் கூர்முனை பட்டது வேறு, கட்டையின் பக்கம் மோதிச் செத்தது வேறு. துப்பாக்கி ரவையால் செத்ததைப் பற்றி உலமாக்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்தது என்றால் தகராறு இல்லை. அறுத்தது யார், எப்போது என்று லாரிக்காரருக்குத் தெரியுமா? (முள்ளம்பன்றியின் பெயரில் பன்றி இருப்பதால் மிரண்டவர்களும் உண்டு. அது எலி, அணில் வகையைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. ஷாபிஈகளுக்கு இந்நாட்டு உலமாக்கள் அதை அனுமதிக்கிறார்கள். ஹனபி சகோதரர்கள் தம் ஆலிமைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

"லைசென்ஸ் இல்லாவிட்டால் இறைச்சி ஹராமாகி விடுமா?" என்று மடக்குகிறவர்களும் இருக்கிறார்கள். முறைப்படி அறுத்த இறைச்சி உண்ணத் தக்கதா என்பது ஒரு கேள்வி. பொய் சொல்லி, ஒளித்து, குடியிருக்கும் நாட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறி அதைச் சம்பாதித்தது ஆகுமா என்பது வேறு கேள்வி. முதற்கேள்விக்கு விடை சாதகமாக வந்தாலும், இரண்டாவது கேள்வி தீர்ந்து விடாது.

இதில் நம்மை அதிகமாக வருத்துவது ஒன்று உண்டு. சோதனைச் சாவடியில் லாரி நிற்கும்போது அதில் முதலாளி இருப்பதில்லை. ஊரிலிருந்து வேலைக்கு வந்த சிப்பந்தியோ, டிரைவரோதான் இருப்பார். மூட்டையில் என்ன என்று அவருக்குச் சொல்லியிருக்க மாட்டோம். பொருள் அவர் கையில் இருக்கிறது. சட்டத்தின் முன் முதலில் நிற்கிறவரும் அவரே. வழக்கு முடியும் வரை அவர் சம்பளம் என்னாகும், ஊரில் மணியார்டரை எதிர்பார்க்கும் தாய் என்ன செய்வாள்? கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற மார்க்கத்தில் இருந்துகொண்டு, நம் நாக்கின் ருசிக்காக ஒரு பிள்ளையைச் சிறைவாசலில் நிறுத்துவதற்கு என்ன பெயர் வைப்பது?

கடைசியாக, நண்பரொருவர் பொட்டலத்தைக் கொண்டு வந்து, "நாளை எடுத்துக் கொள்கிறேன், உங்கள் குளிர்பெட்டியில் இருக்கட்டும்" என்பார். அமானிதம் என்று எண்ணி வாங்கி வைக்கிறோம். வாங்கிய நிமிஷத்தில் அது நம் வசத்தில் உள்ள பொருளாகி விடுகிறது. லைசென்ஸைக் காட்டும்படி கேளுங்கள். வேட்டையாட மட்டுமா, வைத்திருக்கவும் அதில் அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள். ஒரு பிரதியும் வாங்கிக் கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் வைக்கலாமா என்று இலாகாவுக்கு ஒரு டெலிபோன் செய்ய வெகு நேரம் ஆகாது. இல்லையென்றால் பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் முகம் கோணாமல் சொல்லி, ஒரு தேநீரும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.