ஐயராகப் பேசிய அப்துல் ஹமீத்

பி.எச். அப்துல் ஹமீதை நம் பக்கத்தில் பெரும்பாலோர் அறிந்தது சன் டிவி 'பாட்டுக்குப் பாட்டு' வழியாக. ல, ள, ழ மூன்றும் தனித்தனியே காதில் விழும் அந்த உச்சரிப்புக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பே இலங்கை வானொலியில் அவர் பெரிய பெயர். சிறுவனாக வானொலி நாடகத்தில் நடிக்க வந்து, அறிவிப்பாளராகி, மைக் முன்னாலேயே வளர்ந்தவர்.

எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது 'கோமாளிகள் கும்மாளம்' என்ற வானொலி நாடகம். எஸ். ராம்தாஸ் எழுதியது. நான்கு பேர், நான்கு விதத் தமிழ். ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம் மக்களின் தமிழில் பேசுவார். அப்துல் ஹமீத் ஐயராக வந்து அக்கிரகாரத் தமிழ் பேசுவார். ராஜகோபால் அப்புக்குட்டி, யாழ்ப்பாணத்துக்காரர். செல்வசேகரன் சிங்களம் தோய்ந்த தமிழ் பேசும் உபாலி. இலங்கை முழுக்கச் சிரித்தது. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. ராம்தாஸுக்கு மரிக்கார் என்பது கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ராம்தாஸ் மரிக்காராகிறார், அப்துல் ஹமீத் ஐயராகிறார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, கொண்டாடினார்கள். அது எப்படி முடிந்தது? அடுத்த வீட்டுப் பேச்சை அத்தனை நுணுக்கமாகப் பேச, அந்த வீட்டுத் திண்ணையில் பல வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் குரல் இழுபடும், எந்த இடத்தில் பெருமூச்சு வரும் என்று காது கொடுத்திருக்க வேண்டும். கேட்கிறவனுக்கு அது உடனே தெரிந்துவிடும். 'இவன் நம்மைக் கவனித்திருக்கிறான்' என்ற சந்தோஷத்தில் வரும் சிரிப்பு அது.

படம் வந்து ஏழு வருஷத்தில் 1983 ஜூலை, தமிழர்களுக்கு எதிரான கலவரம். கொழும்புத் தெருக்களில் ஆட்களை நிறுத்தி, ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்துத் தமிழன் யார் என்று பிரித்தார்கள். நான்கு நாக்குகளை ஒரே ரேடியோவில் கேட்டுச் சிரித்த ஊரில், நாக்கே ஆளைக் காட்டிக்கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தத் தீவிலிருந்து தப்பி வந்தவர்களில் பல நூறு குடும்பங்கள் எங்கள் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் இருக்கின்றன. 2021இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆண்களில் நிறையப் பேர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள். சிப்காட் பக்கம் டீக்கடையில் நின்றால் கால் மணி நேரத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். அங்கே ஒருவரைப் பார்ப்பேன். சட்டைக் கை மடிப்பில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருக்கும். "அண்ணே, ஒரு டீ, சக்கர கம்மியா" என்பார், அச்சு அசல் எங்கள் ஊர்க்காரர் மாதிரி. போன் அடித்தால் நாலு எட்டு தள்ளிப் போய், குரலைத் தாழ்த்தி, "ஓம் அம்மா, வேலை முடிஞ்சுது. இப்ப வாறன், யோசிக்காதேங்கோ" என்பார். திரும்பி வரும்போது மறுபடியும் எங்கள் ஊர்க்காரர்.

ஹமீதும் இரண்டு தமிழ் பேசினார், இவரும் பேசுகிறார். அவர் ஆசைப்பட்டு இன்னொருவர் பேச்சுக்குள் போனார். இவர் பயந்து தன் பேச்சிலிருந்து வெளியே வருகிறார். வாடகைக்கு வீடு கேட்கும் இடத்தில், வேலை கேட்கும் இடத்தில், பிள்ளைகளின் வகுப்பறையில், பேச்சைக் கேட்ட கையோடு வரும் அந்தப் பார்வைக்குப் பயம். பிழைக்க வந்த இடத்தில் அந்த ஊர் மாதிரி பேசுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பே இல்லை. அம்மாவிடம் பேச நாலு எட்டு தள்ளிப் போக வேண்டியிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. அந்த நாலு எட்டு தூரம் நாம் உண்டாக்கியது.

இதில் நம் சினிமாவுக்கும் பங்கு உண்டு. சேட்டு என்றால் ஒரே கொச்சை, ஈழத்தமிழர் என்றால் இரண்டு மூன்று இழுவை, அவ்வளவோடு திருப்தி. கமல்ஹாசன் 'தெனாலி'க்காக அப்துல் ஹமீதிடம் இலங்கைத் தமிழைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 2000இல் வந்த படம். அவ்வளவு பெரிய நடிகரே கேட்டுப் படித்த ஒன்றை, மற்றவர்கள் கேட்காமலே பேசிவிடத் துணிவது மரியாதைக் குறைவு.

டப்பிங் வேலை பார்க்கிறவர்களிடமும் எஃப்எம் நிலையங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஈழத் தமிழ்க் குரல் வேண்டுமென்றால் முகாமிலிருந்து ஒருவரை மைக் முன்னால் உட்கார வையுங்கள். அவருக்கு உரிய சம்பளமும் கொடுங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது.