‘இல்லை’க்கு முன்னால் ஒரு ‘என்றால்’

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் தூத்துக்குடிக் கரையில் எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் பார்களில் ஆளை இறக்கி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அதில் கிடைக்கும் முத்தை மதிப்பிட்ட பிறகுதான் அந்த வருஷம் குளிப்பு உண்டா இல்லையா என்பது முடிவாகும். ஒரு கரையின் பிழைப்பே தொங்கிய அந்த ‘இல்லை’க்குள், அள்ளிய சிப்பி மொத்தப் பாரையும் போலத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

கரும்பொருளைத் தேடுகிறவர்களின் ‘இல்லை’யும் இப்படித்தான். ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில் ஒரு சோதனை. கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் திரவத் துளிகள். கரும்பொருள் துகள் அணுக்கருவில் மோதினால் துளி குமிழியாகிவிடும். எத்தனை மோதல் வர வேண்டும் என்பதைக் கருவி சொல்லாது, பால்வீதி பற்றிய மாடல்தான் சொல்லும்.

வழக்கமான மாடலின்படி, நம் அருகே மூன்று கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு புரோட்டான் நிறை அளவு கரும்பொருள் இருக்கிறது. சூரியன் அதனூடே நொடிக்குச் சுமார் 220 கி.மீ. வேகத்தில் போகிறது. துகள் இலேசானது என்றால், மிக வேகமாக வருபவை மட்டுமே கருவிக்குத் தெரியும். அந்த வேகக்காரர்கள் எத்தனை பேர் என்பதில்தான் மாடல்கள் அதிகம் முரண்படுகின்றன. பழங்காலத்தில் ஒரு சிறு விண்மீன் மண்டலம் பால்வீதிக்குள் விழுந்து கலந்த தடம் 2018இல் கையா விண்கலத் தரவில் தெரிந்தது. அது கொண்டுவந்த கரும்பொருளும் சீராகப் பரவியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்போ யாருமே ‘இல்லை’ என்று சொல்ல முடியாதா? தப்பித்துக்கொள்ள இது வசதியான வழி.

சாத்தான்குளத்தில் மேல்காற்று அடிக்கையில் எதிரே பைக் ஓட்டினால் காற்று கூடும், திரும்பி வந்தால் குறையும். பூமியும் சூரியனைச் சுற்றுவதால் ஜூனில் கரும்பொருள் காற்று கூடும், டிசம்பரில் குறையும். இத்தாலியின் டாமா குழு அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டதாகப் பல ஆண்டுகளாகச் சொல்கிறது. மற்றவர்கள் மறுத்தபோது, ‘உங்க பொருள் வேற, உங்க மாடல் வேற’ என்று விவாதம் நீண்டது. பிறகு ஸ்பெயினில் அனைஸும் கொரியாவில் கோசைனும் டாமா பயன்படுத்திய அதே சோடியம் அயோடைடு படிகத்தையே எடுத்துக்கொண்டன. ஒரே படிகம், ஒரே காற்று; மாடல் எதுவானாலும் ஒரே துடிப்பு வந்தாக வேண்டும். டாமா சொன்ன துடிப்பு அவற்றில் வரவில்லை.

‘என்றால்’ஐ மறைப்பது ஒரு பொய். அதன் பின்னால் ஒளிந்துகொள்வது இன்னொரு பொய். தேடி ஒன்றும் காணாதவருக்கும் ஒரு கடன் உண்டு என்று நினைக்கிறேன்: எதை நம்பி ‘இல்லை’ என்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும், முடிந்தால், அந்த நம்பிக்கையே தேவைப்படாத இன்னொரு சோதனையைச் செய்துபார்க்க வேண்டும்.